இரண்டு பெட்டி, ஒரு கீபோர்டு

வீட்டிலேயே சொந்தமாக ஒரு கம்ப்யூட்டரைக் கட்டி, கையோடு எடுத்துப் போகும்படியும் செய்துவிட வேண்டும் என்று இறங்குகிறவர்கள் அநேகமாகத் தொடங்குமிடம் சர்க்யூட் போர்டு. எந்த ப்ராசஸர், எத்தனை ஜிபி மெமரி, எந்த லினக்ஸ் என்று அலசுவதிலேயே வாரங்கள் போய்விடும். பிறகு போர்டு வந்து சேரும், ஓடவும் ஓடும். பெட்டி மட்டும் உருவாகாது. திரை ஒரு புத்தக அடுக்கில் சாய்ந்திருக்கும்; கடையில் வாங்கிய கீபோர்டு வயரோடு முன்னால் கிடக்கும்; அது அப்படியே மேசைக் கம்ப்யூட்டராகக் காலம் தள்ளும். இதற்குச் செய்தவரின் சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்டியின் உயரம், அகலம், கீல், பேட்டரி வைக்கும் இடம் எல்லாமே கீபோர்டைப் பற்றிய ஒரே ஒரு முடிவைச் சார்ந்தவை. அந்த முடிவை ஒத்திப்போட்டவரால் பெட்டியை வரையவே முடியாது.

இந்த முடிவை நேரெதிராக எடுத்த இரண்டு கருவிகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று சிங்கப்பூரில் உருவான நொவீனா. மற்றது பெர்லினில் உருவான ரிஃபார்ம். இரண்டுமே 'எனக்கு இப்படி ஒரு லேப்டாப் வேண்டும், கடையில் கிடைக்கவில்லை' என்று ஓரிருவர் உட்கார்ந்து செய்தவை. இரண்டின் வரைபடங்களும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி பொதுவில் வைக்கப்பட்டவை. இரண்டும் க்ரவுட் சப்ளை என்ற நிதிதிரட்டும் தளத்தின் வழியாகத்தான் வாங்குவோரிடம் போய்ச் சேர்ந்தன.

நொவீனாவைச் செய்தவர்கள் ஆண்ட்ரூ ஹுவாங்கும் ஷான் கிராஸும். ஹுவாங்கை 'பன்னி' என்றால்தான் மின்னணு உலகில் சட்டென்று தெரியும். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டியின் பாதுகாப்புப் பூட்டைத் திறந்து, அதைப் பற்றி 2003-இல் புத்தகமும் எழுதியவர். 2012 டிசம்பரில் தன் லேப்டாப் திட்டத்தை வெளியே சொன்னார்; 2014 ஏப்ரலில் அது விற்பனைக்கு முன்வைக்கப்பட்டது. நொவீனா என்பது சிங்கப்பூரில் ஒரு ரயில் நிலையத்தின் பெயர். பேட்டரியைக் கவனிக்கும் தனி போர்டுக்கும் செனோக்கோ என்று அந்த ஊரின் இன்னொரு இடத்துப் பெயரையே வைத்தார்கள்.

ரிஃபார்மைத் தொடங்கியவர் லூகாஸ் ஹார்ட்மன். பழைய அமிகா கம்ப்யூட்டர்களுக்கு இன்றைய மானிட்டர்களில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் அட்டைகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்த எம்என்டி என்ற சிறு நிறுவனம் அவருடையது. 2017-இல் முதல் மாதிரி. வடிவமைப்பில் ஆனா டான்டாஸ் என்ற வடிவமைப்பாளர் துணை. இன்று நாம் ரிஃபார்ம் என்று சொல்வது 2020 மே மாதத்தில் நிதி திரட்டிய இரண்டாம் வடிவத்தை.

ஒப்பிட வசதியாக இன்னொன்றும் அமைந்திருக்கிறது. இரண்டின் மூளையும் ஒரே வம்சம். நொவீனாவில் ஃப்ரீஸ்கேல் கம்பெனியின் ஐ.எம்எக்ஸ்6, நான்கு கோர், 1.2 கிகாஹெர்ட்ஸ். ஃப்ரீஸ்கேலை 2015-இல் என்எக்ஸ்பி தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்த என்எக்ஸ்பியின் ஐ.எம்எக்ஸ்8எம்கியூ, நான்கு கோர், 1.5 கிகாஹெர்ட்ஸ், ரிஃபார்மின் முதல் ப்ராசஸர். இரண்டிலும் 4 ஜிபி மெமரி. இந்த வரிசை சிப்களின் விவர ஏடுகளை ரகசிய ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாமல் படிக்கலாம் என்பது இவற்றைத் தேர்ந்ததற்கு முக்கியமான காரணம். ஆகவே வித்தியாசத்தை ப்ராசஸரில் தேட வேண்டியதில்லை. அது பெட்டியில் இருக்கிறது.

நொவீனாவை மேசைமேல் வைத்தால் முதலில் தட்டையான ஒரு பெட்டி. திரை அதன் மூடியின் வெளிப்புறத்திலேயே, மேலே பார்த்தபடி இருக்கும். 13.3 அங்குலம், முழு எச்டி. தாழ்ப்பாளை விடுவித்தால், யாரும் தூக்காமலே, உள்ளிருக்கும் காற்று ஸ்பிரிங் மூடியை மேலே தள்ளும். திரை நிமிர்ந்து நம்மைப் பார்க்கும். அதன் பின்னால், காரின் பானட்டைத் தூக்கியது போல, சர்க்யூட் போர்டு முழுக்கத் திறந்து கிடக்கும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். வழக்கமான லேப்டாப்பில் மூடியைத் திறந்தால் கீபோர்டு தெரியும். இங்கே தெரிவது போர்டு. கீபோர்டு? இல்லை. அவரவருக்குப் பிடித்ததை யூஎஸ்பி வழியாக மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல்முறை கேட்பவருக்கு இது குறைபாடாகத்தான் படும். ஆனால் யாருக்காகச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த போர்டில் இரண்டு ஈத்தர்நெட் துளைகள் உண்டு. இன்னொரு கருவிக்கும் நெட்வொர்க்குக்கும் நடுவில் உட்கார்ந்து போக்குவரத்தைக் கவனிக்கலாம். ஸ்பார்ட்டன்-6 எஃப்பிஜிஏ உண்டு. உள்ளே இருக்கும் லாஜிக்கை வேண்டியபடி மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய சிப் அது. அதிலிருந்து வெளியே வரும் அதிவேக இணைப்பியில் சொந்தமாகச் செய்த அளவுக் கருவிகளைச் செருகலாம். நாள் முழுக்க போர்டைத் தொட்டுக்கொண்டே, அலைக்காட்டியின் ஊசியை அங்கும் இங்கும் வைத்துக்கொண்டே இருக்கிற ஆளுக்கு, போர்டின் தலைமேல் கீபோர்டு உட்கார்ந்திருப்பது தொல்லை. எடுத்துவிட்டார்கள்.

எடுத்ததும் பெட்டிக்குள் தாராளமாக இடம் கிடைத்தது. அதை வீணாக்கவில்லை. உள்பக்கம் வரிசை வரிசையாகத் திருகுமரைகள் போட்டிருக்கிறார்கள். சொந்தமாக எதைச் சேர்த்தாலும் எங்கே வேண்டுமானாலும் திருகி நிறுத்தலாம். அந்த யோசனையைச் சொன்ன நாடியா பீக் என்பவரின் பெயரால் அதற்குப் 'பீக் வரிசை' என்று பெயர். திரையைச் சுற்றிய சட்டமும், பக்கவாட்டில் இணைப்புத் துளைகள் இருக்கும் தகடும் வெறும் தட்டை அலுமினியம். வேறு அளவுத் திரை போட நினைத்தால், போர்டை மாற்றி வேறு துளைகள் தேவைப்பட்டால், அந்தத் தகட்டை மட்டும் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். ஓர் அரமும் டிரில்லும் வைத்திருப்பவரால் முடிகிற வேலை. வீட்டில் பெட்டி செய்கிறவர் நொவீனாவிலிருந்து கடன் வாங்க வேண்டியது எதையாவது ஒன்றை என்றால், இதைத்தான்: வருங்காலத்தில் மாறக்கூடிய பாகத்தை எல்லாம் தட்டைத் தகடாக வைத்துக்கொள்வது.

ரிஃபார்ம் இதற்கு மறுபுறம். 29 செ.மீ. அகலம், 20.5 செ.மீ. ஆழம், 4 செ.மீ. தடிமன், கிட்டத்தட்ட 1.9 கிலோ. மூடியைத் திறந்தால் முன்னால் வருவது கீபோர்டு. மெம்பிரேன் ரப்பர் கிடையாது. கைல் சாக் பிரவுன் எனும் தனித்தனி மெக்கானிக்கல் சுவிட்சுகள். கேப்ஸ் லாக் வழக்கமாக இருக்கும் இடத்தில் கன்ட்ரோல். நீண்ட ஸ்பேஸ் பட்டை கிடையாது; விசைமூடிகள் எல்லாம் 1 யூனிட், 1.5 யூனிட் என்ற இரண்டே அளவில் வருகின்றன. இதை வெறும் பாணி என்று நினைத்துவிடக் கூடாது. நீண்ட விசையின் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை தூக்கிக்கொள்ளாமல் இருக்க அடியில் ஸ்டெபிலைசர் கம்பி வேண்டும். அதற்கு உயரம் வேண்டும், மசகு வேண்டும், கடகடவென்று அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட விசையே இல்லையென்றால் இந்தப் பாடெல்லாம் இல்லை. வீட்டில் செய்பவர்கள் ஸ்பேஸ் பட்டையை இரண்டு மூன்றாக உடைப்பதும் இதே கணக்கில்தான்.

கீபோர்டுக்கு மேலே சின்ன ஓஎல்இடி திரை ஒன்று இருக்கிறது. வட்டம் போட்ட விசையை அழுத்தினால் அதில் மெனு வரும். பிறகு 1 அழுத்தினால் கம்ப்யூட்டர் உயிர் பெறும். பி அழுத்தினால் பேட்டரி நிலவரம், செல் செல்லாக, எத்தனை வோல்ட் என்று தெரியும். லினக்ஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. ப்ராசஸருக்கு மின்சாரமும் போகவில்லை. ஆனால் கீபோர்டு பேசுகிறது. ஏனென்றால் அதற்கென்று ஏடிமெகா32யூ4 என்ற தனிச் சிப் உண்டு. பெட்டியின் மின்சாரத்தைக் கவனிக்கும் இன்னொரு சிப்போடு அது நேரடியாகப் பேசிக்கொள்கிறது. மூடியைத் திறந்ததும் கை படுகிற இடமே பெட்டியின் கட்டுப்பாட்டு அறை.

அந்த ஏடிமெகா32யூ4 சிப்பைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வீட்டில் கீபோர்டு கட்டுகிறவர்கள் வருஷக்கணக்காகப் பயன்படுத்திவரும் ப்ரோ மைக்ரோ போர்டில் இருப்பதும் இதே சிப்தான். யூஎஸ்பியை அதுவே பேசும் என்பது முதல் வசதி. ரிஃபார்மின் கீபோர்டு 6 வரிசை, 14 நெடுவரிசை கொண்ட கட்டமாக வயரிங் செய்யப்பட்டது. விசைக்கு ஒரு வயர் என்று இழுத்தால் எண்பது வயருக்கு எங்கே போவது? கட்டமாக்கினால் 6-ம் 14-ம் சேர்ந்து 20 வயர் போதும். 84 விசை வரை தாங்கும். சிப்பில் 26 கால்கள் இதற்குக் கிடைக்கும். ஒவ்வொரு வரிசைக்கும் முறைவைத்து மின்சாரம் கொடுத்து, எந்த நெடுவரிசையில் அது வந்து சேர்கிறது என்று சிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். க்யூ, டபிள்யூ, ஏ மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். மின்சாரம் க்யூ வழியாகவும் டபிள்யூ வழியாகவும் சுற்றிப்போய், யாரும் தொடாத எஸ்ஸும் அழுத்தப்பட்டதாகச் சிப்புக்குக் காட்டிவிடும். பேய் விசை என்பார்கள். இதைத் தடுக்க ஒவ்வொரு சுவிட்சின் காலிலும் ஒரு டயோடு. சாதாரண 1என்4148, கண்ணாடி உடம்பு, ஒரு முனையில் கறுப்பு வளையம். கையால் வயரிங் செய்கிறவர்கள் அதை எடுத்து, ஒரு காலை சுவிட்சின் பின்னில் ஒரு சுற்றுச் சுற்றி ஈயம் வைத்து, மறுகாலை மடித்து வரிசைக் கம்பியில் சேர்ப்பார்கள். கறுப்பு வளையம் எல்லாவற்றிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும். ஒன்று தப்பினால் அந்த ஒரு விசை மட்டும் ஊமையாகிவிடும். இரும்புக்கோலோடு அறுபது மூட்டுகளை மறுபடி தடவிப் பார்க்க வேண்டியிருக்கும். நெடுவரிசைக் கம்பி வரிசைக் கம்பியைத் தாண்டும் இடத்தில் உறை உரியாத வயர். சேரும் இடத்தில் மட்டும் உரித்தது. இதெல்லாம் ஒரு மாலை வேலை என்று வீடியோவில் சொல்லுவார்கள். நம்ப வேண்டாம்.

சுவிட்சைத் தாங்கும் தகட்டிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பரவலான செர்ரி எம்எக்ஸ் வகை சுவிட்சுக்கு 14 மி.மீ. சதுரத் துளை, துளைக்குத் துளை 19.05 மி.மீ. இடைவெளி. தகடு 1.5 மி.மீ. தடிமனாக இருந்தால்தான் சுவிட்சின் பக்கக் கொக்கிகள் 'டக்' என்று பிடிக்கும். நம் ஊர் சைன்போர்டு கடைகளில் லேசரில் வெட்டித் தருவது பெரும்பாலும் 3 மி.மீ. அக்ரிலிக். அதில் கொக்கி பிடிக்காது. இறுக்கத்திலும் பசையிலும்தான் நிற்கும். விசைமூடியைப் பிடுங்கினால் சுவிட்சும் சேர்ந்து வந்துவிடும். லேசர் கதிர் தின்றுவிடும் அகலத்தையும் கணக்கில் எடுத்து, துளையை 14-க்கு ஒரு மயிரிழை குறைவாகத்தான் வரைய வேண்டும்.

இப்போது தடிமனுக்கு வருவோம். பெட்டிச் சண்டையெல்லாம் இங்கேதான். எம்எக்ஸ் சுவிட்ச் அடிப்பின்னிலிருந்து தலைவரை ஏறத்தாழ 18.5 மி.மீ.; அதற்கு மேல் விசைமூடி வேறு. சாக் சுவிட்ச் ஏறத்தாழ 11 மி.மீ. அழுத்தினால் இறங்கும் தூரம் முன்னதில் 4, பின்னதில் 3. ராஸ்ப்பெரி பை 4 என்ற சிறு கம்ப்யூட்டர் போர்டின் யூஎஸ்பி துளை அடுக்கு மட்டும் 16 மி.மீ. உயரம். அதன்மேல் எம்எக்ஸ் கீபோர்டைப் போட்டு, அடித்தகடும் காற்று இடைவெளியும் சேர்த்தால் மூடியும் திரையும் வருவதற்கு முன்பே 45 மி.மீ. தாண்டிவிடும். அதன் முன்னால் உட்கார்ந்து தட்டினால் மணிக்கட்டு பின்னால் மடங்கும், அரைமணியில் வலிக்கும். தப்பிக்க மூன்று வழி. போர்டின் உயரமான துளைகளைக் கழற்றிவிட்டு வயர் இழுப்பது. போர்டை விசைகளுக்குப் பின்னால் தனிப் பகுதியாக வைத்துப் பழைய டைப்ரைட்டர் போல நீளமாக்குவது. சாக் போல குட்டை சுவிட்சுக்குப் போவது. ரிஃபார்ம் மூன்றாவதை எடுத்தும் 4 செ.மீ. வந்திருக்கிறது. திரையும் மூடியும் சேர்த்து 4 செ.மீ. என்பதால் அது உண்மையில் சாதனைதான். கடையில் கிடைக்கும் லேப்டாப்பைப் பார்த்துப் பழகியவர்கள் அதைக் குண்டு என்கிறார்கள்.

நொவீனாவுக்கு இந்தக் கணக்கே கிடையாது. கீபோர்டு மேசையில் தனியாக, மணிக்கட்டுக்கு எந்த உயரம் சௌகரியமோ அந்த உயரத்தில் கிடக்கும். பெட்டி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கைக்கு அக்கறையில்லை. மேசை இல்லாத இடத்தில்தான் கதை மாறுகிறது. ரயிலில் மேல் பெர்த்தில் உட்கார்ந்து நொவீனாவில் ஒரு பக்கம் தட்டெழுதிவிட முடியுமா என்று யோசித்துப் பார்த்தாலே போதும். அதை மடிக்கணினி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. எடுத்துப் போகக்கூடிய பணிமேசை என்றால் சரி.

பேட்டரியிலும் இந்தப் பிரிவு தொடர்கிறது. நொவீனாவில் இடம் இருந்ததால் ரிமோட் கார், ட்ரோன் ஓட்டுகிறவர்கள் கடையில் வாங்கும் மூன்று செல் லித்தியம் பாலிமர் பொட்டலத்தையே எடுத்துப் போட்டுவிட்டார்கள். பெரிது வேண்டுமா, பெரிது வாங்கி மாட்டலாம். ரிஃபார்மில் எட்டு லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள். 18650 என்ற அளவு, அதாவது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். இந்த வேதியியல் எடைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மின்சாரம் சேமிக்கும். ஆனால் சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் மிகவும் குறைவு, பலமுறை ஏற்றி இறக்கலாம். அடித்தகடு ஒளி ஊடுருவும் அக்ரிலிக். பெட்டியைத் தலைகீழாகத் திருப்பினால் எட்டு செல்களும் பிடிப்பான்களில் உட்கார்ந்திருப்பது தெரியும். ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மாற்றலாம். மடியில் வைத்துக்கொள்ளும் பெட்டி என்று தீர்மானித்தவர், மடியில் எதை வைக்கிறோம் என்றும் யோசித்திருக்கிறார். வீட்டில் செய்கிறவர்களுக்கு இந்த விஷயத்தில் நான் ரிஃபார்ம் பக்கம். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த, வயது தெரியாத செல்களை ஒன்றாக வெல்டு செய்து விசைகளுக்கு அடியில் வைத்துக்கொள்வது துணிச்சல் இல்லை, அசட்டுத்தனம்.

கீலைப் பற்றி அதிகம் யாரும் எழுதுவதில்லை. வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை உடைவது அங்கேதான். திரையின் எடையெல்லாம் நெம்புகோலாகிக் கீலின் இரண்டு ஸ்க்ரூக்களில் வந்து இறங்குகிறது. த்ரீ-டி பிரின்டரில் அச்சிட்ட பிளாஸ்டிக்கில் நேராக ஸ்க்ரூ போட்டால் நாளடைவில் மரை தேய்ந்து பிய்த்துக்கொள்ளும். அச்சிட்ட அடுக்குகள் கீலின் இழுப்புக்கு எந்தத் திசையில் அமைகின்றன என்பதும் முக்கியம். அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும் திசையில் இழுப்பு வந்தால் கோடு போட்டாற்போல் பிளக்கும். பித்தளை மரைக்குழாயைச் சூட்டுக்கோலால் அழுத்திப் பதிப்பதும், கீலுக்கு அடியில் ஒரு அலுமினியப் பட்டையைக் குறுக்கே ஓடவிடுவதும் வழக்கமான மருந்து. நொவீனா மூடியைத் தூக்குவதைக் காற்று ஸ்பிரிங்கிடம் விட்டது. ரிஃபார்முக்குக் கடைந்தெடுத்த அலுமினிய உடம்பு இருப்பதால் கீலுக்குப் பிடிமானம் கவலையில்லை.

அந்த அலுமினிய உடம்புதான் இன்னொரு முக்கியமான பிரிவைக் காட்டுகிறது. நொவீனாவின் பிளாஸ்டிக் உடல், உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் செலுத்திச் செய்தது. அச்சு செய்யத்தான் செலவு. செய்துவிட்டால் ஒவ்வொரு உடலும் மலிவு. ஆயிரக்கணக்கில் விற்றால் சரி. விற்பனை நின்றால் அச்சும் தூங்கும், பெட்டியும் கிடைக்காது. ரிஃபார்மின் உடல் சிஎன்சி இயந்திரத்தில் ஒவ்வொன்றாகக் கடைந்தது. விலை அதிகம், ஆனால் நூறு செய்தாலும் பத்து செய்தாலும் முறை ஒன்றே. திரையில் சுட்டியை நகர்த்தும் டிராக்பால் உருண்டையைத் தாங்கும் கிண்ணம் போன்ற சிறு பாகங்களோ த்ரீ-டி அச்சில் வருபவை. கோப்பை எடுத்து யாரும் தங்கள் பிரின்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம். போர்டின் வரைபடம் கீகேட் என்ற இலவச மென்பொருளில் இருக்கிறது. நொவீனாவின் வரைபடம் பொதுவில் இருந்தாலும் அது ஆல்டியம் என்ற விலை உயர்ந்த மென்பொருளில் வரைந்தது. திறந்த கதவுதான், ஆனால் படி கொஞ்சம் உயரம்.

ப்ராசஸரிலும் இதே புத்தி. ரிஃபார்மில் அது ஒரு தனி அட்டை. பழைய மெமரி அட்டையைப் போலக் கழற்றி மாட்டலாம். முதல் சிப் மெதுவாக இருக்கிறது என்று புலம்பியவர்கள், பின்னால் வந்த, ஆர்கே3588 என்ற வேகமான சிப் கொண்ட அட்டையை அதே பெட்டியில், அதே கீபோர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டார்கள். நொவீனாவில் ப்ராசஸர் போர்டோடு ஒட்டியது. பெட்டி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் 2014-இன் சிப்போடு அது நின்றுவிட்டது.

விலை விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். 2014-இல் நொவீனாவின் வெறும் போர்டு 500 டாலர், லேப்டாப் வடிவம் 1,995 டாலர். ஆசைக்கு அளவில்லாதவர்களுக்கு அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கர்ட் மாட்வைலர் என்ற கைவினைஞர் மரம், தக்கை, கண்ணாடி இழை, அலுமினியம் சேர்த்துக் கையால் செய்த பெட்டி 5,000 டாலர். எல்லாமே வீட்டில் செய்கிறவரின் கைக்கு எட்டாதவை என்பது உண்மை. ஆனால் யோசனையை வாங்கக் காசு வேண்டியதில்லை.

தமிழில் தட்டெழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் ஒரு சந்தேகம்: இப்படிச் சொந்தமாகச் செய்த கீபோர்டில் தமிழ்99 விசையமைப்பு வருமா? அதற்கென்று சிப்பில் எதுவும் எழுத வேண்டியதில்லை. கீபோர்டு எழுத்தை அனுப்புவதே இல்லை. இன்ன இடத்து விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும் அனுப்புகிறது. அதை 'அ' ஆக்குவதா 'ஏ' ஆக்குவதா என்று தீர்மானிப்பது லினக்ஸிலோ விண்டோஸிலோ இருக்கும் உள்ளீட்டு மென்பொருள். ரிஃபார்ம் மாதிரி ஸ்பேஸ் பட்டையை உடைத்த அமைப்பில் தமிழுக்குக் கூடுதல் லாபம் உண்டு: கட்டைவிரலுக்குக் கிடைக்கும் கூடுதல் விசை ஒன்றில் தமிழ்-ஆங்கிலம் மாற்றும் கட்டளையை வைத்துவிடலாம். இரண்டு மொழியில் மாறி மாறி எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

சரி, வீட்டில் ஒன்று கட்ட நினைப்பவர் எதைப் பின்பற்றுவது? முதல் பெட்டிக்கு நொவீனாவின் வடிவம் மன்னிக்கும் குணம் உடையது. ஒரு தட்டைப் பெட்டி, மூடிக்கு வெளியே திரை, கீபோர்டு தனியாக. அளவு ஐந்து மி.மீ. தவறினாலும் ஒன்றும் குடிமுழுகாது. நெட்டில் உலவும் வீட்டுக் கம்ப்யூட்டர் படங்களில் பாதிக்கு மேல், கெட்டிப் பிளாஸ்டிக் கருவிப்பெட்டிக்குள் திரையும் ராஸ்ப்பெரி பையும் வைத்து, வாங்கிய கீபோர்டைக் கீழ்ப்பாதியில் கிடத்தியவை. அவை பெரும்பாலும் நொவீனாவின் உறவுகள், தெரிந்தோ தெரியாமலோ. ஆனால் எனக்கு அவற்றில் ஒரு ஏமாற்றம் உண்டு. படத்தில் அழகாக இருக்கும். அதில் ஒரு கட்டுரை எழுதி முடித்திருப்பாரா என்று கேட்டால் சந்தேகம்தான். எழுத்து வேலைக்கென்று கட்டுகிறவர் கீபோர்டை முதலில் செய்து முடிக்க வேண்டும். வெறும் யூஎஸ்பி கீபோர்டாக மேசையில் வைத்து ஒரு மாதம் தட்ட வேண்டும்; எந்த விசை எங்கே உறுத்துகிறது என்று தெரிந்த பிறகு, அதன் வெளிக்கோட்டைச் சுற்றிப் பெட்டியை வரைய வேண்டும். எம்என்டி தன் கீபோர்டைத் தனி அலுமினியக் கூட்டில் வைத்து யூஎஸ்பி கீபோர்டாகவும் விற்கிறது என்பது இந்த வரிசை சரிதான் என்பதற்குச் சான்று. உள்ளே அது மதர்போர்டோடு சேர்வதும் யூஎஸ்பி வழியாகத்தான். பிரித்தாலும் வாழும் பாகம் அது.

சர்க்யூட்டையே தொட்டுக்கொண்டிருக்கிறவர் கணக்கு வேறு. அவருக்கு நொவீனா சொல்வதே சரி. ஆனால் அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? நம்மில் பலர் போர்டைத் திறந்து பார்ப்பது முதல் வாரத்தில்தான்.

நொவீனாவைச் செய்த ஹுவாங்கே பிறகு எங்கே போனார் என்று பார்த்தால் இந்த ஒப்பீடு இன்னும் சுவாரசியமாகிறது. 2020-இல் அதே க்ரவுட் சப்ளையில் அவர் கொண்டுவந்த ப்ரிகர்சர் என்ற கையடக்கக் கருவி 69-க்கு 138 மி.மீ., தடிமன் 7.2 மி.மீ. ஒரு போனின் அளவு. மூளை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பார்ட்டன்-7 எஃப்பிஜிஏ, மேல்பாதியில் கறுப்பு வெள்ளைத் திரை, கீழ்ப்பாதி முழுக்க நிஜ விசைகள் கொண்ட கீபோர்டு. ஆறு வருஷத்துக்கு முன் கீபோர்டை வெளியே தள்ளிய அதே ஆள். காரணமாக அவர் காட்டியது நம்பகத்தன்மை. தொடுதிரைக்குள் தனியாக ஒரு சிப் இருக்கும், அதில் யார் எழுதிய நிரல் ஓடுகிறது என்று வாங்கியவரால் பார்க்க முடியாது. விசையோ வெறும் செம்புத் தடமும் அழுத்தினால் சேரும் தொடுமுனையும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே இதில் ஒளிக்க எதுவும் இல்லை என்று சொல்லிவிடலாம். டிவோராக், அசெர்ட்டி என்று வேறு அமைப்பு வேண்டுமா, மேலே உள்ள மெல்லிய உறையை மாற்றினால் போதும்.

எம்என்டியும் சும்மா இருக்கவில்லை. அடுத்து அவர்கள் செய்தது பாக்கெட் ரிஃபார்ம்: 7 அங்குலத் திரை, அதற்குக் கீழே மறுபடியும் மெக்கானிக்கல் விசைகள், இம்முறை நேர்க்கட்டமாக, ஒன்றன் கீழ் ஒன்று. பெட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது. சுவிட்ச் மட்டும் அதே சாக்.